வேர் சிகிச்சைக்குப் பிறகு: எந்த வலியைப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும்

“நரம்பையே எடுத்துவிட்டீர்களே டாக்டர், பிறகு எது வலிக்கிறது?”

இரவு ஒன்பதரைக்கு மேல் என் கைபேசி அடித்தால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான். கேட்பவரின் எரிச்சல் நியாயமானது. வேர் சிகிச்சை என்னும் ரூட் கெனாலில் நாங்கள் எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை. பல்லைத் தாடையோடு பிடித்து வைத்திருக்கும் நார்களும் வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பும் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் சின்ன அரத்தால் சுரண்டியிருக்கிறோம். அவை இரண்டு நாள் முறைத்துக்கொள்ளத்தான் செய்யும்.

நான் பதிலுக்குக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: “நேற்றைக்கு இன்று எப்படி?” பத்துக்கு ஏழாக இருந்த வலி நாலாக இறங்கியிருந்தால் தூங்கச் சொல்வேன். மூன்றாக இருந்தது ஐந்தாக ஏறியிருந்தால் காலையில் முதல் ஆளாக வரச் சொல்வேன். கீழே எந்தத் தலைப்பைப் படித்தாலும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் தொல்லை எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். காரணங்களைச் செலவில்லாததில் தொடங்கிச் செலவு கூடிய வரிசையில் எழுதியிருக்கிறேன்.

## எதையும் படிக்காமல் கிளம்ப வேண்டியவை

எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சுவிடச் சிரமம். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு குழறுகிறது. வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்குகிறது, அல்லது மேலேறிக் கண்ணை மூடுகிறது. குளிர்க்காய்ச்சலோடு வாயும் திறக்க வரவில்லை. மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இரைக்கிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவர் கடை திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் பரவினால் மூச்சுவழியை அடைத்துவிடும். இது அபூர்வம்தான். ஆனால் வரும்போது விடியும்வரை பொறுக்காது.

## ஊசி போட்ட இடம் இன்னும் மரத்தே இருக்கிறது

மேல் பல் என்றால் இரண்டு மூன்று மணி நேரம், கீழ்க் கடைவாய்ப் பல் என்றால் ஐந்து மணி நேரம்கூட உதடு தடித்ததுபோல் இருக்கும். அதுவரை சாப்பிட வேண்டாம். சூடான காபியும் வேண்டாம். சுட்டது தெரியாது, கடித்தது தெரியாது. மறுநாள் உதட்டில் புண்ணோடு வந்து, ஊசியால் வந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் பல்லாலேயே வந்தது அது.

மறுநாள் காலையிலும் உதடோ முகவாயோ மரத்திருந்தால் உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேருக்குச் சற்றுக் கீழே ஒரு பெரிய நரம்பு ஓடுகிறது. அடைத்த மருந்து வேர் நுனியைத் தாண்டி அதன்மேல் அழுத்தியிருந்தால் ஒவ்வொரு நாளும் கணக்கு. ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத ஒன்று இது.

## முதல் மூன்று நாள் வலி

### மந்தமான வலி, மாத்திரைக்கு அடங்குகிறது

இது எதிர்பார்த்ததே. முதல் ஒன்றிரண்டு நாள் உச்சத்தில் இருந்து, பிறகு இறங்கும். சிகிச்சைக்கு முன்பே பல் கடுமையாக வலித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். லேசான கூச்சமும் அழுத்தமும் ஒரு வாரம், பத்து நாள்வரைகூட இழுக்கலாம்.

முதல் மாத்திரையை மரத்த தன்மை விடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வலி ஏறிய பிறகு துரத்துவது கடினம். ஒத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு இபுபுரூஃபன் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. போதாவிட்டால் அதனோடு பாரசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளிவிட்டு, நாளுக்கு நான்குக்கு மேல் போகாமல். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிட நன்றாக வேலை செய்யும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இபுபுரூஃபனைத் தாமாகத் தொடக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் பாரசிட்டமாலுக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் மருந்துச் சீட்டில் எழுதியிருப்பது வேறாக இருந்தால் சீட்டில் உள்ளதே சரி.

ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் ‘பல்வலிக்கு’ என்று காகிதத்தில் மடித்துத் தரும் கலவையை வாங்காதீர்கள். அதில் ஏற்கெனவே பாரசிட்டமால் இருக்கும். தெரியாமல் இரட்டிப்பாகப் போய்ச் சேரும். கூடவே ஒரு ஆண்டிபயாட்டிக்கும் இருக்கும். ஆண்டிபயாட்டிக் வலி மாத்திரை அல்ல. வீக்கமும் காய்ச்சலும் இல்லாத வேர் சிகிச்சை வலிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இதை நம்ப மறுத்து என்னோடு சண்டை போட்டவர்களில் என் மாமனாரும் ஒருவர்.

கிராம்புத் தைலமும் வேண்டாம். அது திறந்து கிடக்கும் சொத்தைக்குள் இறங்கினால் சற்று உதவும். அடைத்த பல்லில் உள்ளே போக வழி ஏது? ஈறுதான் வெந்துபோகும். மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும், புகையிலையை அடக்கிக்கொள்வதும் அதே கதை. வெதுவெதுப்பான ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளிப்பது போதும். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

### விண்விண்ணென்று தெறிக்கிறது, மாத்திரைக்கு அடங்கவில்லை

முதலில் கணக்குப் பாருங்கள்: சரியான அளவில், சரியான இடைவெளியில் போட்டீர்களா? ‘ஒன்று போட்டேன், கேட்கவில்லை, விட்டுவிட்டேன்’ என்பவர்களே அதிகம். ஒழுங்காகப் போட்டும் இரவு தூக்கம் போனால் உள்ளே அழுத்தம் சேர்ந்திருக்கலாம். சிலருக்கு நடுவில் இப்படி ஒரு கொதிப்பு வரும். சிகிச்சை தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் வீட்டு வைத்தியத்தில் தீராது. மறுநாளே வாருங்கள். பல்லைத் திறந்து கழுவி, தேவையானால் சீழை வடியவிட்டு, மறுபடி மருந்து வைத்து மூடுவோம். நாற்காலியை விட்டு எழும்போதே பெரும்பாலானோர் முகம் மாறிவிடும்.

## சும்மா இருந்தால் ஒன்றுமில்லை, கடித்தால் உயிர் போகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். அதிகம் பயமுறுத்துவதும் இதுதான். அதிலும் மிகச் சுலபமாகத் தீர்வதும் இதுவே.

### நார்கள் நொந்திருப்பது

முதல் வாரத்தில், கடிக்கும்போது மொத்தமாக மந்தமான வலி, நாளுக்கு நாள் குறைகிறது. அந்தப் பக்கம் மெல்லாமல் இருந்தால் போதும். இட்லி, தயிர்ச் சோறு, குழைந்த பொங்கல் என்று ஒரு வாரம் ஓட்டுங்கள்.

### அடைப்பு உயரமாக இருப்பது

சோதனை எளிது. நிமிர்ந்து உட்கார்ந்து, எச்சிலை விழுங்கிவிட்டு, கண்ணை மூடி, பற்களை மிக மெதுவாகச் சேருங்கள். எந்தப் பல் முதலில் முட்டுகிறது? சிகிச்சை செய்த பல் மற்றவற்றுக்கு முன்பாக முட்டினால் அடைப்போ, பல்லின்மேல் மாட்டிய உறையான கேப்போ ஒரு நூலளவு உயர்ந்திருக்கிறது. இது மருத்துவரின் கவனக்குறைவு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் சாய்ந்து படுத்திருந்தீர்கள், பாதி வாய் மரத்திருந்தது, ‘கடியுங்கள், சரியாக இருக்கிறதா’ என்று கேட்டதற்கு ‘ம்’ என்றீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து சோறு மெல்லும்போதுதான் உண்மை தெரியும்.

எனக்கே இது நடந்தது. என் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு நண்பன் ஒருவன் வேர் சிகிச்சை செய்தான். மூன்றாம் நாள் தோசையைக் கடித்தேன், சுளீரென்று மண்டைவரை ஏறியது. பல் மருத்துவனுக்கு வரும் பயம் சாதாரண பயம் அல்ல. வேர் பிளந்திருக்குமோ, வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய்களில் ஒன்று விட்டுப்போயிருக்குமோ என்று பாடப்புத்தகம் முழுவதையும் இரவெல்லாம் புரட்டிப் பார்த்தேன். காலையில் அவன், பல் முட்டும் இடத்தில் நிறம் பதியும் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னான். ஓரிடத்தில் அழுத்தமாக நீலம் விழுந்தது. இரண்டு நிமிடம் தேய்த்தான். மதியம் அதே பக்கத்தில் சாப்பிட்டேன்.

ஆகவே முட்டுகிறது என்றால் தானாகத் தேயும் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு வாய்க்கும் அந்தப் பல் அடி வாங்கிக்கொண்டிருக்கும். நார்கள் ஆறவே ஆறாது. ஊசியும் தேவைப்படாத வேலை. வீட்டில் நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து நீங்களே தேய்த்துவிடாதீர்கள். ஒருவர் செய்தார்.

### பல்லில் பிளவு

மொத்தமாக வலிக்காமல், ஒரு குறிப்பிட்ட மூலையில் மட்டும், அதுவும் கடித்ததை விடும்போது சுளீரென்றால் பிளவைச் சந்தேகிக்க வேண்டும். கேப் போடாமல் மாதக்கணக்கில் விட்ட கடைவாய்ப் பற்களில் இது அதிகம். பொங்கல் முடிந்த வாரத்தில் கரும்பைக் கடித்தவர்களும் தீபாவளி முடிந்த வாரத்தில் முறுக்கைக் கடித்தவர்களும் வருவார்கள். மேல் பகுதியில் மட்டும் பிளவு என்றால் கேப் போட்டுக் காப்பாற்றலாம். வேர்வரை நீளமாகப் பிளந்திருந்தால் எடுப்பதைத் தவிர வழியில்லை. இதை வீட்டில் சோதிக்க முயலாதீர்கள், அந்தப் பக்கம் மெல்லவும் செய்யாதீர்கள்.

## கன்னம் வீங்கியிருக்கிறது

தொட்டால் மெத்தென்று, வலி அதிகம் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல் இருக்கும் சிறிய வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து வடியும். முதல் நாள் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து, பதினைந்து நிமிடம் எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் தவிட்டு ஒத்தடம், சுட்ட உப்பு ஒத்தடம் என்று துணிமூட்டையோடு வருவார்கள். வீங்கிய கன்னத்துக்குச் சூடு வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் நீலமாகக் கன்றியிருந்தால் அது மஞ்சளாகி ஒரு வாரம், பத்து நாளில் மறையும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் பெருகினாலோ, கல்லுப்போல் இறுகினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ அன்றே வர வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் மூன்று நாள் கணக்கையெல்லாம் பார்க்க வேண்டாம். வீக்கம் கண்ட அன்றே சொல்லிவிட்டு, சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை நடந்துகொண்டிருந்தபோதே திடீரென்று தாங்க முடியாத எரிச்சல், நிமிடங்களில் முகம் வீங்கியது என்றால் கதை வேறு. கால்வாயைக் கழுவும் மருந்து வேருக்கு வெளியே கசிந்திருக்கலாம். மருத்துவர் அப்போதே கவனித்திருப்பார். மறுநாளும் நேரில் பார்க்கச் சொல்லியிருந்தால் தவறாமல் போங்கள்.

## தற்காலிக அடைப்பு பெயர்ந்துவிட்டது

ஓரத்தில் துளி உதிர்ந்து, மேற்பரப்பு சற்றுக் குழிந்திருந்தால் அடுத்த முறை வரும்வரை பொறுக்கலாம். மொத்தமாக விழுந்து, நாக்குக்குப் பள்ளம் தட்டுப்பட்டால், அல்லது உள்ளே வைத்த பஞ்சு தெரிந்தால், ஓரிரு நாளுக்குள் மறுபடி அடைக்க வேண்டும். வலி இருக்காது. அதுதான் ஆபத்து. எச்சில் வழியே கிருமிகள் சுத்தம் செய்த கால்வாய்க்குள் திரும்பவும் குடியேறும். அதுவரை சாப்பிட்டதும் உப்பு நீரில் கொப்பளியுங்கள். சூயிங்கம், மெழுகு, பஞ்சு எதையும் அடைக்காதீர்கள்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். முதல் சிட்டிங்கிலேயே வலி போய்விடும். அதன்பிறகு ஆள் வர மாட்டார். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும். ஆறு மாதம் கழித்து வீங்கிய கன்னத்தோடு வந்து ‘நீங்கள் செய்த பல் மறுபடி வலிக்கிறது’ என்பார். செய்து முடிக்கவே இல்லையே ஐயா!

## சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்தால் கூசுகிறது

நரம்பு இல்லாத பல்லுக்குச் சூடும் குளிரும் தெரியாது. ஆகவே முதலில் சந்தேகிக்க வேண்டியது பக்கத்துப் பல்லை. எந்தப் பல் என்று நோயாளி சுட்டுவது பலமுறை தவறிப்போகும். பக்கத்துப் பல்லில் சொத்தை, ஈறு இறங்கி வேர் வெளியே தெரிவது, இவையே பெரும்பாலும் காரணம். மேல் கடைவாய்ப் பக்கம் வரிசையாகப் பல பற்கள் வலித்து, குனிந்தால் கூடி, மூக்கும் அடைத்திருந்தால் சைனஸ் தொல்லையாக இருக்கலாம். அதற்குக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்.

அதே பல்தான் என்று சோதித்து உறுதியானால், கண்ணுக்குத் தப்பிய கால்வாய் ஒன்று உள்ளே உயிரோடு இருக்கக்கூடும். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவதாக ஒரு மெல்லிய கால்வாய் ஒளிந்திருப்பது சகஜம். அதைத் தேட நுண்ணோக்கி வைத்திருக்கும் வேர் சிகிச்சை நிபுணரிடம் போவது நல்லது.

## வாய் சரியாகத் திறக்கவில்லை

நெடுநேரம் திறந்து வைத்ததால் தாடைத் தசை பிடித்துக்கொண்டது, அல்லது ஊசி தசையில் பட்டது. வீக்கமும் காய்ச்சலும் இல்லாவிட்டால் மறுநாளிலிருந்து வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தாடை மூட்டில் வைத்து, மெல்ல மெல்லத் திறந்து மூடிப் பழகுங்கள். சில நாள், சிலருக்கு ஓரிரு வாரம் ஆகும். குறையாமல் கூடினால் வாருங்கள்.

## ஈறில் கொப்புளம், வாயில் கெட்ட சுவை

சிகிச்சைக்கு முன்பே இருந்த கொப்புளம் என்றால் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். நல்ல அறிகுறி. மூடாமல் ஒரு மாதம் தாண்டினாலும், மாதங்கள் கழித்துப் புதிதாக முளைத்தாலும், அது வேர் நுனிச் சீழின் வாசல். உடைந்து வடிந்ததும் வலி குறைந்துவிடும். அதை நம்பி ஏமாந்துபோகாதீர்கள். ஊசியால் குத்தவும் வேண்டாம். கேப்பின் ஓரம் கசிந்தாலும் கெட்ட சுவை வரும். அதனால் முதலில் கேப்பைப் பார்ப்போம், பிறகு எக்ஸ்ரே.

## ஆண்டுகள் கழித்து அதே பல் வலிக்கிறது

இங்கே செலவு கூடும். காரணம் கேப்பின் கசிவு, புதிய சொத்தை, விட்டுப்போன கால்வாய், பிளவு என்று எதுவாகவும் இருக்கலாம். முதல் வழி மறுசிகிச்சை: பழைய அடைப்பை எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்வது. அது முடியாத இடத்தில் ஈறைத் திறந்து வேர் நுனியை மட்டும் வெட்டி அடைக்கும் சிறு அறுவை. இரண்டும் பயன்படாவிட்டால் பல்லை எடுத்துவிட்டு, பக்கத்துப் பற்களில் மாட்டும் பிரிட்ஜ் அல்லது எலும்பில் பதிக்கும் இம்பிளாண்ட். மறுசிகிச்சைக்கு வேர் சிகிச்சைத் துறையில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்தவரைத் தேடுங்கள். பணம் தடையென்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரி மருத்துவமனைகளில் குறைந்த செலவில் செய்கிறார்கள். வரிசையும் சிட்டிங்கும் மட்டும் கூடுதல்.

## பல் கறுக்கிறது

உள்ளே தங்கிய ரத்தக் கறையும் சில அடைப்பு மருந்துகளும் காரணம். வலியில்லாவிட்டால் அவசரமில்லை. முன்பல் என்றால் உள்ளிருந்தே வெளுக்கவைக்கலாம்.

## வலி இல்லை, பயம்தான் இருக்கிறது

*மேல் பல்லில் வேலை செய்தால் கண் பார்வை போகுமா?* போகாது. கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. சாளேசுரம் வரும் வயதும் பல் கெடும் வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த பழி இது என்று நினைக்கிறேன்.

*வேர் சிகிச்சையால் புற்றுநோய் வருமாமே?* 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், இத்தகைய பற்கள் உடம்பெங்கும் நோயைப் பரப்புகின்றன என்று சொன்னார். கட்டுப்பாடுகளோடு பின்னால் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இன்று கைபேசியில் சுற்றும் செய்திகளின் வேர் அங்கேதான்.

*எக்ஸ்ரேயில் கறுப்பு இன்னும் இருக்கிறதே?* அந்தக் கறுப்பு, வேர் நுனியில் எலும்பு கரைந்த இடம். எலும்பு ஒரு வாரத்தில் வளராது. ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் படம் எடுத்து ஒப்பிடுவோம். சிறுத்திருந்தால் வெற்றி.

*அரம் உடைந்து உள்ளே தங்கிவிட்டது என்றார்.* சொன்னாரே, அதற்காக அவரை மதியுங்கள். உடைந்த இடத்துக்குக் கீழே ஏற்கெனவே சுத்தமாகியிருந்தால் துண்டு அங்கேயே கிடக்கலாம். படம் எடுத்துக் கவனித்து வர வேண்டும். அவ்வளவே.

*கேப் அவசியமா, பணம் பிடுங்கவா?* கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் அவசியம். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கேப் போடாத வேர் சிகிச்சைப் பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் பறிபோயின. வலி அடங்கியதும் சில வாரங்களுக்குள் போட்டுவிடுங்கள். சேதம் குறைவான முன்பல்லுக்கு வெறும் அடைப்பே போதலாம்.

## அழைக்கும்போது சொல்ல வேண்டியவை

எந்தப் பல், சிகிச்சை முடிந்து எத்தனையாவது நாள், நேற்றைக்கு இன்று கூடியதா குறைந்ததா, எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள், காய்ச்சல் எவ்வளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், வேறு மருந்துகள். வீக்கம் இருந்தால் கண்ணாடி முன் நேராகப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வேறு மருத்துவரிடம் போவதாக இருந்தால் பழைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.